சொன்னவர் பெயரையும் அச்சிடுங்கள்

நீலகிரிப் பழங்குடிகளைப் பற்றி நூல் எழுதுகிற ஆய்வாளர்களுக்கும், அவற்றை வெளியிடுகிற தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. அதற்காக அச்சகங்கள் இப்போதே ராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். புதுப் புத்தகங்களோடு பழையவற்றின் மறுபதிப்பும் வரிசையில் நிற்கும். அவற்றில் சிலவாவது எங்கள் மலையைப் பற்றியவையாக இருக்கும். அட்டையில் பூத்குளிச் சால்வை போர்த்திய ஒரு தோடர் பெரியவர் இருப்பார், இல்லாவிட்டால் முகமெல்லாம் சுருக்கம் விழுந்த ஒரு பாட்டி. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. ஊட்டிக் குளிரில் வெயில் காய்கிறவர்களை ஏன் எப்போதும் கறுப்பு வெள்ளையிலேயே போடுகிறீர்கள் என்று கேட்க ஆசைதான். ஆனால் இந்த மடல் அட்டையைப் பற்றியது அல்ல, உள்ளே இருப்பதைப் பற்றியது. அச்சுக்குப் போகுமுன் உங்கள் கண்ணில் பட்டால் நல்லது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய நூலகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழங்குடி அல்லன். 1964-இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்களே, அதன்படி தலைமன்னாரில் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்க அரசு 1968-இல் இந்த மலையில் தேயிலை நடத் தொடங்கியது. காடு இருந்த இடத்தில்தான் நட்டது. ஆக, யார் இருந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தோம் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. பழங்குடிகள் சார்பில் பேச எனக்கு உரிமை கிடையாது. அவர்கள் நன்றாகவே பேசுகிறார்கள். நான் பேசுவது வாசகர் சார்பில். உங்கள் புத்தகத்தை யார் எடுத்துப்போகிறார்கள், திருப்பித் தரும்போது என்ன முகத்தோடு தருகிறார்கள் என்று பார்த்தவன் என்ற முறையில்.

தமிழ்நாட்டில் மிக நலிந்த பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட ஆறு பிரிவினரும் (தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர்) இந்த ஒரு மாவட்டத்தில் வாழ்கிறார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததே. அதனால்தான் நூற்றைம்பது ஆண்டுகளாக யாராவது ஒருவர் நோட்டும் பேனாவுமாக மலையேறிக்கொண்டே இருக்கிறார். இவ்வளவு சின்ன மக்கள் தொகையைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டது உலகத்தில் வேறெங்கும் இருக்குமா என்பது சந்தேகம். புத்தகம் போதவில்லை என்பது என் குறையே அல்ல.

குறை இதுதான். ஒரு சமயம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிற இருளர் பெண் ஒருத்தி, பள்ளியில் ஏதோ கட்டுரைப் போட்டி என்று ஒரு புத்தகம் எடுத்துப்போனாள். முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சுருக்கிப் போட்ட தமிழ் நூல். திரும்பி வந்ததும் வழக்கம்போலப் பக்கம் கிழிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்த்தேன். நடுவில் வழவழப்பான தாளில் படங்கள். ஒரு படத்துக்குக் கீழே ‘இருளர் மூதாட்டி, நீலகிரி’ என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பக்கத்தில் நீல நிற பால்பாயின்ட் பேனாவில் ஒரு பெயரும் ஊரும். அவளுடைய அம்மாவைப் பெற்ற பாட்டி. முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் தெரியும் மூங்கில் படல் இன்னும் அப்படியே இருக்கிறதாம். எடுத்தவர் யார், எப்போது எடுத்தார் என்று அவளுக்கும் தெரியவில்லை, பாட்டிக்கும் நினைவில்லை.

நூலகப் புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் போட வேண்டும். நான் போடவில்லை. அந்த நூலின் பிழை திருத்திய ஒரே பிரதி எங்கள் அலமாரியில்தான் இருந்தது என்று இன்றும் பெருமைப்படுகிறேன். (அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவர்களைக் கேட்கவில்லை.)

அவள் சொன்ன இன்னொன்றுதான் எனக்கு அதிகம் உறைத்தது. படத்துக்கு முன் பக்கத்தில் ஒரு கதை இருந்தது. தேன் எடுக்கப் போனவன் பாறையில் மாட்டிக்கொள்கிற கதை. ‘இருளர்கள் இவ்வாறு நம்புகின்றனர்’ என்று முடித்திருந்தார் ஆசிரியர். “சார், இது எங்க பாட்டி மட்டும் சொல்ற கதை. எங்க ஊர்ல வேற யாரும் இப்படி முடிக்க மாட்டாங்க. பெரியப்பா கேட்டா சண்டைக்கே வருவாரு” என்றாள். ஒரு கிழவி தன் கற்பனையில் ஒட்டவைத்த முடிவு அச்சில் ஓர் இனத்தின் நம்பிக்கையாகிவிட்டது. அதைப் படித்த அடுத்த ஆய்வாளர் மேற்கோள் காட்டியிருப்பார். அதற்கடுத்தவர் அவரை.

பெயரைப் போடாமல் விடும்போது மரியாதை மட்டும் போவதில்லை, உண்மையும் போகிறது. இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இந்த மலையிலேயே இருக்கிறது. 1930களின் பிற்பகுதியில் இரண்டு பேர் இங்கே வந்தார்கள். ஒருவர் மொழியியலாளர் எமனோ, இன்னொருவர் மானிடவியலாளர் மேண்டல்பாம். இருவருக்கும் கோத்தர் வாழ்க்கையை எடுத்துச் சொன்னவர் சுள்ளி என்ற கோத்தர். ஆங்கிலம் படித்தவர், பள்ளி ஆசிரியர். அவர் சொல்லச் சொல்ல எமனோ எழுதிக்கொண்ட கதைகளும் செய்திகளும் 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாகக் கலிபோர்னியாவில் அச்சாயின. பின்னால் எமனோவும் பர்ரோ என்ற இன்னொரு மொழியறிஞரும் சேர்ந்து திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியை 1961-இல் கொண்டுவந்தார்கள். தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்தில் கோத்தர் சொல்லையும் தோடர் சொல்லையும் வைத்துப் பார்க்கும் வசதி நமக்கு அப்படித்தான் வந்தது. நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளில் அந்த அகராதியைப் புரட்டாதவர் இருக்க மாட்டார். அதில் கோத்தர் மொழி என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி சுள்ளியின் வாயிலிருந்து வந்தது.

சுள்ளி யார் தெரியுமா? பழைய வழக்கங்களை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நின்றவர் அல்லர். நேர் எதிர். கோத்தர் ஆண்கள் நீளமாக முடி வளர்த்த காலத்தில் வெட்டிக்கொண்டவர். மற்றவர் வீட்டுச் சாவுக்குப் போய் வாத்தியம் வாசிப்பது நமக்குக் கேவலம், விட்டுவிடுவோம் என்று சொன்னவர். 1924-இல் ஒரு விஷக்காய்ச்சல் வந்து கோத்தர் பலரைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு எது பழசு, எது புதுசு, எதை விடுவது என்று ஊருக்குள் பெரிய பிரிவே இருந்தது. அந்தச் சண்டையில் சுள்ளி ஒரு கட்சி. ஆக, ‘கோத்தர் மரபு’ என்று உலகம் படித்ததை ஒரு சீர்திருத்தக்காரர் சொல்லியிருக்கிறார். அவருடைய எதிரி ஒருவர் சொல்லியிருந்தால் அந்த நாலு பகுதியும் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இது நமக்கு எப்படித் தெரிகிறது? அவர்கள் பெயரைப் போட்டார்கள் என்பதால் தெரிகிறது. பெயர் போட்டதோடு விடவும் இல்லை. தன் இனத்தாரைத் திருத்த வந்தவர் என்று சுள்ளியைப் பற்றியே மேண்டல்பாம் 1960-இல் தனிக் கட்டுரை எழுதினார். தன்னைப் பற்றிய கதைகளில் சுள்ளி எப்போதும் தானே நாயகனாக வருவார் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் வாத்தியார்கள் எல்லோரும் அப்படித்தான். ஆனால் அந்த ஒரு குறிப்பால் சுள்ளி எனக்கு மனிதராகிவிட்டார். அவர் சொன்னதை எங்கே நம்புவது, எங்கே கொஞ்சம் தள்ளிவைத்துப் படிப்பது என்றும் பிடிபட்டது.

வெள்ளைக்காரர்களை மெச்சுவதாக நினைக்க வேண்டாம். அவர்களில் என்னென்ன ரகம் வந்தது என்பதும் தெரியும். மண்டை ஓட்டின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும் ‘சாஸ்திர’த்தோடு தோடர்களிடம் வந்த மார்ஷல், 1873-இல் அதையே புத்தகமாகப் போட்டார். அதே ஆண்டு வெளிவந்தது, நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் எழுதிய நூல். அவர் இந்த மலையின் பழைய கல்வட்டங்களைத் தோண்டி எடுத்த பானைகளும் வெண்கலக் கிண்ணங்களும் சென்னை அருங்காட்சியகத்திலும் லண்டனிலும் இருக்கின்றன. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் அளவுகோலும் கவ்வியுமாக வந்து மூக்கை அளந்தார், தலையை அளந்தார். 1909-இல் ஏழு தொகுதி நூல் போட்டார். அவற்றில் குறும்பர்களைப் பற்றி மற்றவர்கள் சொன்ன சூனியக் கதைகள் ஏராளம். அந்தக் கதைகளை நம்பியே 19-ஆம் நூற்றாண்டில் குறும்பர்கள் கும்பலாகக் கொல்லப்பட்டதும் அதே காலத்து ஆவணங்களில் இருக்கிறது. இன்று தமிழில் வருகிற சில நூல்களும் ‘மாந்திரீகத்தில் வல்லவர்கள்’ என்று குறும்பர்களைப் பற்றி ஒரு வரி சேர்க்காமல் விடுவதில்லை. பாராட்டு என்று நினைத்து எழுதுகிறீர்கள் போலிருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடுங்கள். அவ்வளவுதான் அதைப் பற்றி.

பெயர் போடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தோடர்களைப் பற்றி ஆங்கில மானிடவியலாளர் ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட பெரிய நூலின் பின்னால் குடும்ப வழிமுறை அட்டவணைகள் இருக்கின்றன. அப்பன், பாட்டன், முப்பாட்டன் என்று பெயர் பெயராக. ஆனால் இறந்துபோன உறவினரின் பெயரைச் சொல்வது தோடர்களிடம் ஆகாது. அதனால் அந்தந்தக் குடும்பத்தைக் கேட்காமல் வேறு ஆட்களைப் பிடித்துக் கேட்டு வாங்கினார். புத்திசாலித்தனம்தான், நியாயமா என்பது வேறு விஷயம். அவருக்குச் சடங்கு ரகசியங்களைச் சொன்ன சிலருக்கு அடுத்தடுத்துத் துன்பங்கள் வந்தன. ஒருவருடைய மனைவியே இறந்துபோனார். வெளியாளிடம் சொன்னதால் வந்த தெய்வக் குற்றம் என்று ஊர் பேசியது. பிறகு பலர் அவரிடம் வாய் திறக்கவே தயங்கினார்கள். ரிவர்ஸே இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். அந்த நேர்மைக்காக அவரை மதிக்கிறேன். ஆனால் ஒரு நூலுக்கு மற்றவர்கள் கொடுத்த விலை என்ன என்று முன்னுரையில் சொல்லிவிட்டு, உள்ளே அதே ரகசியங்களைப் பக்கம் பக்கமாக அச்சிட்டால் அந்த நேர்மையை என்ன செய்வது?

ஆகவே நான் கேட்பது கண்ணை மூடிக்கொண்டு எல்லாப் பெயரையும் போடுங்கள் என்பதல்ல. கேட்டுப் போடுங்கள். வேண்டாம் என்றால் ‘பெயர் சொல்ல விரும்பாத ஒருவர்’ என்று எழுதுங்கள். அதுவும் ஒரு மனிதரைக் காட்டும். ‘இருளர்கள் நம்புகின்றனர்’ என்பது யாரையும் காட்டாது. மருந்துச் செடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். எந்த வேர், எந்தப் பருவம், எதோடு சேர்த்து அரைப்பது என்று விலாவாரியாக அச்சிட்டு, பேருந்து நிலையக் கடையில் நூறு ரூபாய்க்கு விற்கிறீர்கள். 1987-இல் அகத்தியமலையில் வாழும் காணிக்காரர் என்ற பழங்குடியினர் தங்களோடு காட்டுக்குள் வந்த விஞ்ஞானிகளுக்கு ஒரு செடியைக் காட்டினார்கள். அதிலிருந்து மருந்து வந்தது, கம்பெனிக்கு உரிமம் போனது. வருமானத்தில் பங்கு கொடுக்க ஓர் அறக்கட்டளை ஏற்பட மேலும் பத்தாண்டு ஆயிற்று. அதுவே பெரிய முன்னுதாரணம் என்று உலகமெல்லாம் பேசுகிறார்கள். நம் மூலிகைப் புத்தகங்கள் அந்த அளவுக்குக்கூட யோசிப்பதில்லை.

இனி நீங்கள் அநேகமாக நினைத்துப் பார்த்திராத ஒரு காரணம். பெயர் போடுவதைப் பெருந்தன்மை என்றோ ஆய்வு அறம் என்றோ நீங்கள் நினைத்தால், அதைவிடக் கறாரான காரணம் இது.

வன உரிமைச் சட்டம் 2006-இல் வந்தது, விதிகள் 2008-இல். ஒரு குடும்பமோ ஊரோ காட்டில் தனக்குள்ள உரிமையைக் கோரும்போது என்னென்ன சான்றுகளைக் காட்டலாம் என்று 13-ஆம் விதி வரிசையாகச் சொல்கிறது. அரசு ஆவணங்களோடு, வழக்காறுகளைப் பதிவு செய்த ஆய்வுகளும் அதில் உண்டு. மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எழுத்தில் இருந்தால் அதுவும் சான்று. பழைய பதிவுகளில் பெயர் உள்ள ஒருவரின் வழிவந்தவர் என்று காட்டும் வம்சாவளியும் சான்று. சாதாரண வாசகன் இதைப் படித்தாலே புரியும்: இவை மூன்றும் உங்கள் களப்பணி நோட்டில் கிடக்கின்றன.

‘நீலகிரி இருளர்கள் மலைத்தேன் சேகரிக்கும் பழக்கம் உடையவர்கள்’ என்று அச்சான வரி உரிமை மனுவைப் பரிசீலிக்கும் எந்தக் கூட்டத்திலும் ஒரு குடும்பத்துக்கும் உதவாது. இன்ன ஊரில், இன்ன ஆண்டில், இன்னாருடைய மகன் இன்னார், இந்தப் பாறையில் என் தகப்பன் தேன் எடுத்தார், அவருக்கு முன் அவர் மாமன் எடுத்தார், பாறைக்குப் பெயர் இது என்று சொன்னதாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தைப் படியெடுத்து மனுவோடு சேர்க்கலாம். சான்றாக ஏற்பார்களா மாட்டார்களா என்பது வேறு. கையில் ஒரு தாள் இருக்கும். அதே களப்பணி, அதே மணிநேரம், அதே டேப் ரெக்கார்டர். பெயரை விட்டதில் உங்களுக்கு மிச்சமானது நாலு வரி இடம்.

‘முனைவர் பட்ட ஆய்வேட்டில் தகவலாளர் பட்டியல் போட்டிருக்கிறேனே’ என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை, பலர் போடுகிறார்கள். பெயர், வயது, ஊர் எல்லாம் இருக்கும். ஆனால் அது பல்கலைக்கழக நூலகத்தில் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. புத்தகமாக்கும்போது பதிப்பாளர் பக்கத்தைக் குறைக்கச் சொல்வார். முதலில் வெட்டுவது அந்தப் பின்னிணைப்பைத்தான். நெறியாளருக்கு நன்றி ஒரு பக்கம், மனைவி மக்களுக்கு நன்றி அரைப் பக்கம், மெய்ப்புப் பார்த்தவருக்கு ஒரு வரி, எல்லாம் மிஞ்சும். பதிப்பாளர்களே, அடுத்த தடவை பக்கம் குறைக்க வேண்டுமானால் அணிந்துரையில் கைவையுங்கள். மூன்று அணிந்துரையை யாரும் படிப்பதில்லை என்று நூலகன் சத்தியமே செய்வான்.

அப்புறம் இன்னொரு விஷயம். உங்கள் நூல்களில் ‘வரலாறு’ என்று ஓர் இயல் இருக்கும். அது சங்க இலக்கியக் குறிஞ்சியில் தொடங்கி, 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் மலையேறி வந்ததோடு முடியும். பிறகு ‘பிறப்பு’, ‘பூப்பு’, ‘மணம்’, ‘இறப்பு’, ‘தெய்வங்கள்’. இருநூறு வருஷமாக இங்கே ஒன்றுமே நடக்காத மாதிரி. தோடர்களின் எருமை மேய்ந்த புல்வெளிமீது சீகை (வாட்டில்) மரமும் கற்பூர (யூகலிப்டஸ்) மரமும் நட்டது வரலாறு இல்லையா? கூடலூர்ப் பக்கம் ஜென்மிகள் என்ற பெருநிலக்காரர்களிடம் இருந்த நிலங்களுக்காக 1969-இல் தனிச் சட்டம் வந்தது, அந்த வழக்குகள் தலைமுறை கடந்தும் ஓடின. பணியர்கள் அந்த நிலங்களில்தான் அடிமைப்பட்டு உழைத்தார்கள். வயநாட்டு வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஒரு வருஷ உழைப்புக்கு அவர்களைப் பேரம் பேசிக் கூட்டிப்போன காலத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. 1988 டிசம்பர் 5 அன்று ஆயிரக்கணக்கான ஆதிவாசிகள் நில உரிமை கேட்டுக் கூடலூர்த் தெருவில் ஊர்வலம் போனார்கள். அதில் நடந்தவர்கள் இப்போது தாத்தா பாட்டி. அவர்களிடம் உட்கார்ந்து ‘திருமணத்தில் தாலி உண்டா?’ என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

பெயர் போடத் தொடங்கினால் இது தானாக மாறும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. ‘பணியர்கள்’ என்று எழுதினால் வழக்கங்கள் மட்டும்தான் வரும். ஒரு பெயரை எழுதிவிட்டால் அந்த ஆள் எங்கே வேலை செய்தார், எப்போது துரத்தப்பட்டார், யாரோடு ஊர்வலம் போனார் என்பதும் பின்னாலேயே வந்துவிடும்.

மொழி விஷயத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எமனோ 1930களில் எழுதிக்கொண்ட தோடர் பாட்டுகள் 1971-இல் வெளியாயின. ஏறத்தாழ ஆயிரம் பக்கம். மூன்று மூன்று அசையாகத் துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் ஜோடியாக இன்னொரு துண்டு, அதற்கென்று கறாரான இலக்கணம். எருமையைப் பற்றியும் பாடலாம், கலெக்டரைப் பற்றியும் பாடலாம். அங்கே எல்லோருமே கவிஞர்கள் என்று எமனோ வியக்கிறார். இப்படிப்பட்ட நூல் தமிழ்நாட்டு நூலகத்துக்கு வந்தால் எந்த அலமாரிக்குப் போகும்? தசமப் பகுப்பு முறையில் 894.811 தமிழ் இலக்கியம், 398 நாட்டுப்புறவியல். பழங்குடிப் பாட்டு என்றால் கை யோசிக்காமல் 398-க்குத்தான் போகும். இயற்றியவர் பெயர் தெரியாத சங்கப் பாட்டுக்குக்கூட ‘செம்புலப்பெயல்நீரார்’ என்று ஒரு பெயர் வைத்து இலக்கியத்தில் உட்கார வைத்திருக்கிறோம். இயற்றியவர் உயிரோடு எதிரில் உட்கார்ந்து பாடினாலும் இவர்களுடையது ‘வாய்மொழி வழக்காறு’. பக்கத்து அட்டப்பாடியில் நஞ்சியம்மா ஒரு மலையாளப் படத்துக்காகத் தாமே கட்டி இருளர் மொழியில் பாடினார், 2022-இல் தேசிய விருது அறிவித்தார்கள். சினிமாக்காரர்கள் பெயரைப் போட்டார்கள், நாம் போட யோசிக்கிறோம்.

அந்த ஆயிரம் பக்கமும், சுள்ளியின் நாலு பகுதியும், மேலே புள்ளியும் கோடும் போட்ட ரோமன் எழுத்தில் இருக்கின்றன. சொன்னவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது கோழிக் கிறுக்கல். ஒரு கோத்தர் இளைஞர், அரசு வேலையில் இருக்கிறவர், கைப்பேசியில் அந்தப் பழைய அச்சுப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அவருக்கு மொழி தெரியும், எழுத்து தெரியாது. எனக்கு எழுத்து அரைகுறையாகப் பிடிபடும், மொழி தெரியாது. நான் எழுத்துக்கூட்டி வாசிக்க, அவர் கண்ணை மூடிக் கேட்டு, ‘இல்ல சார், அது இப்படி’ என்று திருத்தித் திருத்திச் சொன்னார். ஒரு சாயங்காலத்தில் ஒரு பத்தி தாண்டினோம். தமிழ் எழுத்தில், தேவையான குறிகளைச் சேர்த்து, பக்கத்தில் தமிழ் உரையோடு அதைக் கொண்டுவருவது ஒரு பதிப்பகத்துக்குப் பெரிய காரியமே அல்ல. தோடர் மொழியில் தமிழெழுத்துக்கு அடங்காத ஒலிகள் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். கோத்தர், இருளர் மொழிகளுக்கு அவ்வளவு திண்டாட்டம் இல்லை. எந்தக் குறி வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். 2024-25 தமிழ்நாடு பட்ஜெட்டில் தோடர், கோத்தர் உள்ளிட்ட மொழிகளைப் பதிவு செய்ய 2 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். பதிவு செய்ததெல்லாம் கணினிக்குள் போய் உறங்காமல், ஒரு பகுதியாவது ஐம்பது ரூபாய்ப் புத்தகமாக ஊருக்குத் திரும்பி வருமா என்று நீங்களும் கேளுங்கள்.

விற்காது என்பீர்கள். அரசு நூலகங்களுக்கு வாங்கும் ஆணை கிடைக்காது, இரண்டாயிரம் பேர் பேசும் மொழிக்கு எத்தனை பிரதி அடிப்பது என்பீர்கள். நூறு பிரதி அடியுங்கள். இப்போதெல்லாம் வேண்டும்போது வேண்டிய அளவு அச்சடிக்கும் எந்திரம் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் காசும் கிடையாது. கவிதைத் தொகுப்புகளை அதைவிடக் குறைவாக அடித்துவிட்டு ‘முதல் பதிப்பு’ என்று போடுகிறவர்கள் நம்மிடையே இல்லையா என்ன!

எழுதுகிறவர்களும் இப்போது ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். படித்த பிள்ளைகள், செவிலியர்கள், ஆசிரியர்கள், வேங்கைப் பிசினைக் குழைத்துப் பாறை ஓவியத்தின் சாயலில் வரைகிற குறும்பர் ஓவியர்கள். அவர்களை ‘களத்தில் உதவியவர்’ என்று நன்றியுரையில் போடாமல் அட்டையில் போட முடியுமா என்று பாருங்கள். ஓவியத்தை உள்பக்க அலங்காரமாக எடுத்துக்கொண்டு ‘குறும்பர் ஓவியம்’ என்று மட்டும் எழுதுவதும் வேண்டாம். வரைந்தவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியும்.

சரி, மறுபதிப்புக்கு வருகிறேன். உங்கள் ஆசிரியரைக் கைப்பேசியில் கூப்பிட்டு, பழைய களப்பணி நோட்டை எடுக்கச் சொல்லுங்கள். பெயர்கள் அதில் இருக்கும். யார் எங்கே என்று தெரியவில்லை என்றால் ஊராட்சி மன்ற உறுப்பினரையோ ஊர்த் தலைவரையோ கேட்டால் ஒரே நாளில் சொல்லிவிடுவார்கள். சொன்னவர் இறந்திருந்தால் பிள்ளைகளிடம் கேளுங்கள், போடலாமா கூடாதா என்று. படத்துக்குக் கீழே பெயரும் ஊரும் ஆண்டும். கதைக்குக் கீழே சொன்னவர் பெயர். தெரியாமலே போனால் ‘பெயரைக் குறித்துக்கொள்ளத் தவறினோம்’ என்று ஒரு வரி. சில பக்கம் கூடும், அவ்வளவுதான் செலவு.

அச்சானதும் சொன்னவர் வீட்டுக்கு ஒரு பிரதி, ஊருக்குச் சில பிரதி. தபாலில் அனுப்பாதீர்கள், கடைசி இரண்டு மைல் சரியாகப் போய்ச் சேராது. நேரில் கொண்டுவாருங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு வந்தால் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிவு பயம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வாருங்கள். மற்ற நாளில் பெரியவர்கள்கூட எஸ்டேட் வேலைக்குப் போயிருப்பார்கள். வாசித்துக் காட்ட அரை நாளாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள். ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று யாராவது நிச்சயம் சொல்வார்கள், அதை எழுதிக்கொள்ள ஒரு பேனாவும் எடுத்துவாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர்,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.